மேல்குளத்தில் முளைத்தது கீழ்க்குளத்துக்கு வரும்: நீர்நிலைகளில் அயல் உயிர்களைக் கண்காணிக்க ஓர் எளிய அறிமுகம்

திருநெல்வேலிச் சீமையில் தனித்துக் கிடக்கிற குளம் குறைவு. மேலே உள்ள குளம் பெருகி மறுகால் பாய்ந்தால் அந்தத் தண்ணீர் கீழே உள்ள குளத்துக்குப் போகிறது. அது பெருகினால் அதற்கும் கீழே. கன்னடியன் கால்வாய், கோடகன் கால்வாய், பாளையங்கால்வாய் என்று தாமிரபரணி அணைக்கட்டுகளிலிருந்து பிரிகிற கால்கள் இப்படித்தான் குளம் குளமாக நிரப்பிக்கொண்டு போகின்றன. மானூர் பக்கமும் நாங்குநேரி பக்கமும் குளங்கள் ஒன்றோடொன்று கோத்துத்தான் கிடக்கின்றன. தண்ணீர் போகிற பாதையில் விதையும் போகும், மீன்குஞ்சும் போகும், ஒடிந்த தண்டும் மிதந்து போகும். அதனால் ஒரு குளத்தில் புதிதாக ஒரு செடியோ மீனோ வந்துவிட்டால், அது அந்த ஊர்க்காரர்களின் கவலை மட்டுமில்லை. கீழே உள்ள ஊர்கள் எல்லாவற்றுக்கும் அது வந்து சேரப்போகிற கவலை.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் கொட்டியது. திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் குளங்கள் உடைந்தன, கால்வாய்கள் கரை தெரியாமல் ஓடின. வீட்டையும் பயிரையும் ஆடுமாடுகளையும் இழந்து நின்றவர்களுக்கு அப்போது குளத்து மீனைப் பற்றி நினைக்க நேரம் ஏது? ஆனாலும் அப்படிப்பட்ட வெள்ளத்தில் எந்தக் குளத்து உயிர் எந்தக் குளத்துக்குப் போகும் என்று சொல்லவே முடியாது. பண்ணைக் குட்டையில் இருந்தது ஆற்றுக்குப் போயிருக்கலாம், ஆற்றில் இருந்தது குளத்துக்கு வந்திருக்கலாம். வெள்ளம் வடிந்த பிறகு கரையில் நடந்து பார்த்து எழுதிவைக்கிற ஆள் இருந்தால்தான் என்ன வந்தது என்பது தெரியும். அந்த ஆளாக யார் வேண்டுமானாலும் இருக்கலாம் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் சில அடிப்படைகள். ஓர் இடத்தில் இயல்பாகவே வாழ்ந்துவருகிற உயிர்கள் மண்ணுக்குரியவை. கொட்டி, ஆம்பல், தாமரை, வேலம்பாசி, வள்ளைக்கீரை எல்லாம் நம் குளங்களுக்கு உரியவை. வேறு நிலத்திலிருந்து மனிதர்கள் மூலமாக வந்து சேர்ந்தவை அயல் உயிர்கள். அயல் என்றாலே கெடுதல் என்று எண்ணிவிடக்கூடாது. குளத்தில் மீன் பிடிக்கிற உரிமையை எடுத்திருக்கிற மீன்பாசி குத்தகைக்காரர்கள் வளர்ப்புக்கு விடுகிற கட்லாவும் ரோகுவும் வடநாட்டு ஆறுகளின் மீன்கள்தான். வந்த இடத்தில் கட்டுப்பாடில்லாமல் பெருகி, ஏற்கெனவே இருந்தவற்றை நெருக்கித் தள்ளி, தண்ணீரையும் தொழிலையும் கெடுக்கிறவற்றைத்தான் ஆக்கிரமிப்பு உயிர்கள் என்கிறோம். அந்தக் குணம் உயிரில் மட்டும் இல்லை, இடத்திலும் இருக்கிறது. நம் குளத்தில் மீனுக்கு ஒதுங்கிடமாக இருக்கிற அதே வேலம்பாசி, மீன்தொட்டி வியாபாரத்தின் வழியாக அமெரிக்காவின் புளோரிடாவுக்குப் போய் அங்கே ஏரிகளை அடைத்துக்கொண்டது. அங்கே அதைத் தின்னவும் தடுக்கவும் பழகிய உயிர்கள் இல்லை. நம் ஊர் அமலைச் செடியின் கதையும் அதுவே. அதன் சொந்த ஊர் தென் அமெரிக்காவின் அமேசான் படுகை.

அமலை என்று இங்கே சொல்வதைச் சிலர் ஆகாயத்தாமரை என்றும் வெங்காயத்தாமரை என்றும் சொல்வார்கள். ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டில் அது ஆற்றையே மூடிக் கிடப்பதைப் பார்த்தவர்களுக்கு அறிமுகமே தேவையில்லை. தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளில் கடைசி அது. மேலே இருந்து அடித்துவருகிற செடியெல்லாம் அங்கே வந்து தங்குகிறது. வருடாவருடம் இயந்திரம் வைத்து அள்ளுகிறார்கள், மறுபடியும் வருகிறது. அங்கே அள்ள ஆகிற செலவையும், மேலே ஒரு குளத்தில் முதல் பத்துச் செடி வந்தபோதே பிடுங்கியிருந்தால் ஆகியிருக்கும் செலவையும் ஒப்பிட்டுப் பாருங்கள். கண்காணிப்பின் நியாயம் முழுவதும் அந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

கணக்காகவே பார்க்கலாம். நல்ல வெயிலும் சத்துள்ள தண்ணீரும் கிடைத்தால் அமலை ஏறக்குறைய இரண்டு வாரத்தில் இரட்டிப்பாகும். ஊர்ச் சாக்கடை கலக்கிற குளம் என்றால் சத்துக்குக் குறைவே இல்லை. ஐப்பசித் தொடக்கத்தில் ஒரு மூலையில் 10 செடி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பத்து முறை இரட்டித்தால், அதாவது 20 வாரத்தில், 10,240 ஆகும். பிசான நெல் அறுவடைக்கு வருகிற மாசியில் மடை அடைத்துக்கொண்டு நிற்கும். அப்புறம் பூத்து விதை விழுந்துவிட்டால், அந்த விதை குளத்து மண்ணில் 20 வருடம் வரைகூட உயிரோடு கிடக்கும். குளம் வற்றினாலும் தூர்வாரினாலும் மீதி இருக்கிற விதை அடுத்த மழைக்கு முளைக்கும். இந்தக் கணக்கில் ஆள்பலத்தால் வெல்லக்கூடிய நேரம் முதல் ஒன்றிரண்டு மாதம் மட்டுமே.

அந்த ஒன்றிரண்டு மாதத்தில் யார் பார்ப்பது? நீர்வளத்துறைப் பொறியாளர் ஒருவருக்குப் பல குளங்கள், பல மடைகள். அவர் ஒவ்வொரு கரையையும் மாதம்தோறும் நடந்து பார்க்க வழியில்லை. ஆனால் தினமும் அந்தக் கரையில் மாடு பத்திக்கொண்டு போகிறவர், காலையில் நடக்கிறவர், தூண்டில் போடுகிற பையன், பள்ளி ஆசிரியர் என்று யாரோ ஒருவர் இருக்கத்தான் செய்கிறார். அவர்களுக்கு இரண்டு மூன்று விஷயம் தெரிந்தால் போதும், கண்காணிப்பு நடந்துவிடும். வட அமெரிக்காவில் இப்படித்தான் வளர்ந்தது. அங்கே 1988-ல் செயின்ட் கிளேர் ஏரியில் வரிக்குதிரைச் சிப்பி என்ற சின்னஞ்சிறு சிப்பியைக் கண்டார்கள். கப்பல்களின் அடித்தளத் தண்ணீரோடு கருங்கடல், காஸ்பியன் கடல் பகுதியிலிருந்து வந்தது அது. சில ஆண்டுகளுக்குள் பேரேரிகள் முழுவதும் பரவி, நீரேற்றும் குழாய்களை அடைத்தது. இன்று அந்தப் பக்கத்து ஏரிகள் பலவற்றில், ஏரிக்கரையில் குடியிருப்பவர்களே படகுத் துறையைச் சோதித்து, செடிகளைப் பார்த்து, குறித்து அனுப்புகிறார்கள்.

நமக்கும் இது முற்றிலும் புதிய பழக்கம் ஒன்றுமில்லை. மணிமுத்தாறிலுள்ள அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவளக் காப்பு மையத்தின் முயற்சியில் 2011 முதல் ஜனவரி மாதங்களில் தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. மாணவர்களும் ஊர்க்காரர்களும் குளம் குளமாகப் போய்ப் பறவைகளை எண்ணுகிறார்கள். கையில் பைனாகுலரோடு கரையில் நிற்கிற அதே கண்கள், காலடியில் இருக்கிற தண்ணீரையும் பார்த்து எழுதினால் பாதி வேலை முடிந்தது.

இல்லை என்று எழுதுவது

தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் அமலை மூடிக் கிடக்கிற குளத்துக்குத்தான் முதலில் போவார்கள். படம் எடுப்பார்கள், பதிவு போடுவார்கள். அது தவறில்லை, ஆனால் அங்கே செடி இருப்பது எல்லாருக்கும் தெரியும். கண்காணிப்பவரின் உண்மையான வேலை சுத்தமாக இருக்கிற குளத்தில். அதிலும் தொடரின் தலையில் இருக்கிற குளத்தில். அங்கே மாதம் ஒருமுறை போய், பார்க்க வேண்டிய இடங்களைப் பார்த்து, ஒன்றும் இல்லை என்றால் தேதி போட்டு ‘இல்லை’ என்று எழுதிவைக்க வேண்டும்.

இது சலிப்பான வேலை போலத் தோன்றும். ஆனால் இதைவிட மதிப்புள்ள தகவல் வேறு கிடையாது. கார்த்திகையில் இல்லை, மார்கழியில் இல்லை, தையில் மறுகால் பக்கம் நான்கு செடி என்று ஒரு நோட்டில் இருந்தால், அது எப்போது வந்தது, எந்த வழியாக வந்தது, இப்போது பிடுங்கினால் ஒழியுமா என்ற மூன்று கேள்விக்கும் விடை கிடைக்கிறது. ‘இருக்கிறது’ என்ற பதிவு மட்டும் இருந்தால், யாரும் போய்ப் பார்க்காததால் பதிவு இல்லையா, பார்த்தும் இல்லாததால் பதிவு இல்லையா என்று பிரித்தறிய முடியாது. அதனால் நோட்டில் தேதி, குளத்தின் பெயர், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை பார்த்தீர்கள், எந்தெந்த இடத்தில் நின்றீர்கள், தண்ணீர் எந்த மட்டத்தில் இருந்தது, என்ன கண்டீர்கள் அல்லது காணவில்லை என்று எழுதுங்கள். தண்ணீர் மட்டத்துக்கு மடையின் படிக்கட்டையே அளவாக வைத்துக்கொள்ளலாம்.

எங்கே நிற்பது என்பதற்கு ஒரு முறை உண்டு. குளம் முழுவதும் சுற்ற வேண்டியதில்லை. கால்வாய்த் தண்ணீர் குளத்துக்குள் விழுகிற வாய்தான் முதல் இடம். மேலே இருந்து வருகிறது எதுவும் அந்த வழியாகத்தான் வரும். அடுத்து மடைகள், மறுகால். பிறகு ஆட்கள் இறங்குகிற படித்துறை, வண்டி கழுவுகிற இடம், மீன்குஞ்சு இறக்குகிற இடம். கடைசியாகக் காற்று ஒதுக்குகிற மூலை. ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற மேல்காற்று மிதப்பதையெல்லாம் கிழக்கே ஒதுக்கும். நம் பக்கம் நிலம் மேற்கிலிருந்து கிழக்கே சரிவதால் பல குளங்களுக்குக் கிழக்கே கரை இருக்கும், ஆகவே கரையோரமாக நடந்தாலே அகப்பட்டுவிடும். வாடைக்காற்று அடிக்கிற மார்கழியில் எதிர்ப்பக்கம் பார்க்க வேண்டும். இதை மாற்றிப் பார்த்தால் செடி இருந்தும் கண்ணில் படாது.

தண்ணீருக்கு அடியில் வளர்கிறவற்றைப் பார்க்க விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். கிணற்றில் விழுந்த வாளியை எடுக்கிற பாதாளக்கரண்டி இருக்கிறதல்லவா, அதைக் கயிற்றில் கட்டி வீசி இழுத்தால் அடியில் உள்ள பாசியும் கொடியும் கொக்கியில் சிக்கி வரும். ஒவ்வொரு இடத்திலும் இரண்டு மூன்று வீச்சு போதும். தண்ணீருக்குள் இறங்கவே வேண்டாம். சேறு ஆளை இழுக்கும், பாம்பு இருக்கும், தனியாகப் போவதையும் தவிர்க்க வேண்டும். கூந்தன்குளம் போன்ற சரணாலயத்தில் வனத்துறை அனுமதி இல்லாமல் எதையும் வீசவோ எடுக்கவோ கூடாது. மற்றக் குளங்களில் ஊர்ப் பெரியவர்களிடமும் மீன்பாசி குத்தகை எடுத்தவரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். சொல்லாமல் கரையில் நின்று படம் எடுத்தால் சந்தேகம் வரும். சொன்னால் அவர்களே தகவல் தருவார்கள்.

கையில் எடுத்துப் பார்த்தால்

அமலையை ஒரு முறையாவது கையில் எடுத்துப் பாருங்கள். இலை வட்டமாக, பளபளப்பாக இருக்கும். காம்பு நடுவில் உப்பியிருக்கும். நகத்தால் கீறினால் உள்ளே காற்றறைகள் நிறைந்த பஞ்சு தெரியும், மிதப்பது அதனால்தான். வேர் கருநீலமாக, மெல்லிய இழைகளாகத் தொங்கும். ஒரு செடியைத் தூக்கினால் பக்கத்துச் செடியும் சேர்ந்து வரும், ஏனென்றால் கிடைமட்டமாக ஓடுகிற தண்டு இரண்டையும் இணைத்திருக்கும். பிடுங்கும்போது அந்தத் தண்டில் ஒரு துண்டு விட்டுப்போனாலும் அது தளிர்க்கும். பூ இளம் ஊதா, ஆறு இதழ், மேல் இதழில் மட்டும் நீலத்துக்கு நடுவே ஒரு மஞ்சள் பொட்டு. இலையில் சிறு சிறு சுரண்டல் தழும்புகள் இருந்தால் அதையும் எழுதிவைக்க வேண்டும். அமலையைத் தின்பதற்காக 1980-களின் தொடக்கத்தில் இந்தியாவுக்குக் கொண்டுவந்து விட்ட கூன்வண்டுகள் தின்ற தடம் அப்படித்தான் இருக்கும்.

சால்வினியா என்பது மிதக்கும் பெரணி. கேரளத்தில் வயலையும் கால்வாயையும் ஒருகாலத்தில் மூடியது. 1983-ல் அங்கே விடப்பட்ட ஒரு சிறு வண்டு அதைப் பெருமளவு கட்டுப்படுத்திவிட்டது. இலை இரண்டு இரண்டாக நடுவே மடிந்திருக்கும். மேற்பரப்பில் உள்ள மயிர்களைக் கண்ணுக்கு அருகே வைத்துப் பார்த்தால் ஒவ்வொன்றும் நான்காகப் பிரிந்து, நுனியில் மறுபடி ஒன்றுகூடி, முட்டை அடிக்கிற கம்பிக் கரண்டியைப் போல இருக்கும். தண்ணீர் ஊற்றினால் முத்தாக உருண்டு ஓடிவிடும். இதற்கு விதையே கிடையாது, ஒடிந்த துண்டிலிருந்துதான் பரவுகிறது. ஆகவே தண்ணீரோடு மிதந்தோ, வலையிலும் வாளியிலும் ஒட்டிக்கொண்டோ போனால்தான் புதிய குளத்துக்கு எட்டும்.

அழகாக இருப்பதும் ஏமாற்றும். 2020 நவம்பரில் கோழிக்கோடு மாவட்டத்தில் ஆவளப்பாண்டி என்ற இடத்தில் கால்வாய் முழுவதும் இளஞ்சிவப்பாகப் பூத்தது. பார்க்கக் கூட்டம் திரண்டது. அது கபோம்பா என்கிற தென் அமெரிக்க நீர்ச்செடி, மீன்தொட்டிக்கு விற்பது. மலைக்கு அந்தப் பக்கம் இருப்பது இந்தப் பக்கம் வர, தொட்டியைக் கழுவி வாய்க்காலில் ஊற்றுகிற ஒரே ஒரு வீடு போதும்.

மீன்களில் தேடவேண்டியவை சில. ஜிலேபிக் கெண்டை 1952-ல் இந்தியாவுக்கு வந்தது. இப்போது அது இல்லாத குளத்தைக் காண்பதுதான் அரிது, அதனால் அதைப் புதிது என்று பதிய வேண்டியதில்லை. ஆப்பிரிக்கக் கெளுத்தியைக் கவனிக்க வேண்டும். வளர்ப்பதற்குத் தடை இருந்தும் குட்டைகளில் வளர்க்கப்பட்டு, மழையில் தப்பி வெளியே வருகிறது. காற்றைச் சுவாசிக்கும், ஈரத் தரையில் நகர்ந்தும் போகும், தன் வாய்க்கு அடங்குகிற எதையும் தின்னும். நம் தேளியோடு குழப்பிக்கொள்கிறவர்கள் உண்டு. முதுகுத் துடுப்பைப் பார்த்தால் போதும். தேளிக்கு அது மிகச் சிறியது. ஆப்பிரிக்கக் கெளுத்திக்குத் தலைக்குப் பின்னாலிருந்து வால் வரை நீளமாகப் போகும், உடம்பிலும் சலவைக்கல் படிவம்போன்ற திட்டுகள் இருக்கும். இன்னொன்று தொட்டி சுத்தம் செய்ய விற்கிற டேங்க் கிளீனர். தமிழ்நாட்டின் பல நீர்நிலைகளில் பிடிபட்டிருக்கிறது. உடம்பெல்லாம் எலும்புத் தகடு, வாய் அடிப்பக்கம், முதுகுத் துடுப்பு உயரமாக விரியும். வலையைக் கிழிக்கும், விலைபோகாது. எனக்கு இதில் பெரிய கவலை ஒன்று உண்டு. இந்த மீன் முட்டையிடக் கரையோர மண்ணில் வளை தோண்டும். நம் குளங்களுக்கு இருப்பது மண்கரை.

கொசுவை ஒழிக்க விடுகிற கம்பூசியா மீனைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நல்ல எண்ணத்தில்தான் விடுகிறார்கள். ஆனால் அது கொசுப்புழுவோடு நிற்பதில்லை, தவளை முட்டையையும் சிறு மீன்குஞ்சையும் தின்னும். நம் வாய்க்கால்களில் தலை உச்சியில் வெள்ளிப் பொட்டோடு மேல்மட்டத்திலேயே நீந்துகிற சிறு மீன் ஒன்று இருக்கிறது. கொசுப்புழுவை அதுவே நன்றாகத் தின்னும். தாமிரபரணியின் பெயரையே அறிவியல் பெயரில் தாங்கிய, இந்த ஆற்றுக்கே உரிய கெண்டை இனமும் நம்மிடம் உண்டு. இழந்துவிட்டால் உலகில் வேறெங்கிருந்தும் அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

கண்டுபிடித்தால் உடனே பிடுங்கத்தான் கை போகும். கொஞ்சம் பொறுங்கள். முதலில் படம்: தூரத்திலிருந்து ஒன்று, இலை, பூ, வேர் தெரிய அருகில் சில, அளவு தெரிய ஒரு பேனாவோ அளவுகோலோ பக்கத்தில். மீன் என்றால் பக்கவாட்டில் முழு நீளமும் தெரிய வேண்டும், வாயும் துடுப்பும் தனியாக வேண்டும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாகப் படம் அனுப்பினால் அதோடு இருக்கிற இடக்குறிப்பு அழிந்துவிடும். அதனால் இடத்தைத் தனியாகக் குறித்தனுப்புங்கள். ஐநேச்சுரலிஸ்ட், இந்தியப் பல்லுயிர்த் தளம் ஆகிய இணையதளங்களில் ஏற்றினால் தெரிந்தவர்கள் பெயர் உறுதிசெய்வார்கள். ஐயமாக இருந்தால் பிடுங்காதீர்கள். கொட்டியையும் ஆம்பலையும் அமலை என்று நினைத்து அழித்துவிட்டால் அதுவும் இழப்புதான். உறுதியானால், கொஞ்சம்தான் இருக்கிறது என்றால், கரையிலிருந்தபடியே துண்டு விடாமல் எடுத்து, தண்ணீர் எட்டாத மேட்டில் வெயிலில் காயப்போட வேண்டும். வாய்க்காலில் எறியக்கூடாது. பரவலாக இருந்தால் நீர்வளத்துறை அலுவலகத்திலும் ஊராட்சியிலும் நோட்டின் நகலோடு மனுக் கொடுங்கள். மீன் என்றால் மீன்வளத்துறையிடம். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் ஆட்சியர் அலுவலகத்திலும் கொடுக்கலாம். தேதிவாரியாக எழுதிய நோட்டு இருக்கிற மனுவுக்கும், வாய்ச்சொல்லாக வருகிற மனுவுக்கும் கிடைக்கிற மரியாதை வேறு.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். அமலைப் பரப்பின்மேல் தாமரைக்கோழி நடக்கும், தாழைக்கோழி கூடு கட்டும். பெரிய பரப்பை அகற்றும்போது கூடு இருக்கிறதா என்று பார்த்து, அடைகாக்கும் காலம் தவிர்த்துச் செய்வதே சரி.

நம்மாலேயே பரவாமல் இருக்க, ஒரு குளத்தில் நனைந்த வலை, கயிறு, வாளி, செருப்பு எல்லாவற்றையும் கழுவி, தண்ணீரை அங்கேயே வடித்து, நன்றாகக் காய்ந்த பிறகே அடுத்த குளத்துக்குக் கொண்டுபோக வேண்டும். அமலை அள்ளுகிற ஜேசிபி அடுத்த ஊருக்குப் போகும்போது வாளிப்பல்லில் ஒட்டியிருப்பதையும் யாராவது பார்த்துக்கொண்டால் நல்லது. வளர்க்க முடியாத தொட்டி மீனையும் ஆமையையும் புண்ணியம் என்று குளத்திலோ தெப்பக்குளத்திலோ விட வேண்டாம். வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுக்கலாம், அல்லது மீன் வளர்க்கிற வேறு ஒருவருக்குக் கொடுக்கலாம்.

தொடங்க எந்த மாதமும் நல்ல மாதம்தான். புரட்டாசியில் தொடங்கினால் குளம் பெருகுவதற்கு முன் உள்ள நிலை கையில் இருக்கும். சித்திரை, வைகாசியில் தண்ணீர் வற்றி, குத்தகைக்காரர்கள் கடைசி மீனைப் பிடிக்கிற நாளில் கரைக்குப் போய்விடுங்கள். வருடம் முழுவதும் வீசினாலும் தெரியாதது அன்றைக்குக் கூடையில் தெரியும். பிடிக்கிறவர்களிடமே கேளுங்கள், புதிதாக ஏதாவது சிக்கியதா என்று. அன்றே கரையின் உட்பக்கச் சரிவையும் பார்த்துவிடுங்கள். தண்ணீர் இறங்கிய மட்டத்தில் வரிசையாக வளைகள் தெரிந்தால், நண்டு வளையா மீன் வளையா என்று தெரியாவிட்டாலும், அளவுகோல் வைத்துப் படம் எடுத்து, அடுத்த மழைக்கு முன் பொறியாளரிடம் காட்டுங்கள்.